தண்ணிக்கு அழுதவள்

கேள்வி கேட்டுப் பிழைப்பு நடத்துகிறவர்களை யாரும் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பதில்லை. டிக்கெட் பரிசோதகரிடம் போய், "உங்க முழங்கால் வலி எப்படி இருக்கு சார்?" என்று நீங்கள் எப்போதாவது விசாரித்தது உண்டா? வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டும் சர்வேக்காரியின் கதி இன்னும் மோசம். அவள் வாயைத் திறப்பதற்குள் "ஒண்ணும் வேணாம்மா" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். (விற்க வரவில்லை, கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்று சொன்னால் இன்னும் வேகமாகச் சாத்துவார்கள்.)

கடலூரில் நான் பார்த்தது அந்த வேலைதான். வேலையின் முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டவுன் பஸ் இரண்டு ஸ்டாப்பிங் தாண்டிவிடும்: நகரப் பகுதிகளின் சமூகப் பொருளாதாரப் பின்னடைவுக் குறியீட்டுத் திட்டக் களப்பணியாளர். விஷயம் என்னவோ சுலபம். ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டியது. எங்கே கூரை ஒழுகுகிறது, எங்கே தண்ணீர் வருவதில்லை, எங்கே பிள்ளைகள் பாதியில் படிப்பை விடுகிறார்கள் என்று விசாரித்து மதிப்பெண் போட வேண்டியது. கடைசியில் வரைபடத்துக்கு வர்ணம் அடித்தால் வேலை முடிந்தது. வசதியான பகுதி பச்சை, கஷ்டப்படும் பகுதி சிவப்பு. சிவப்பாக இருக்கிற இடத்துக்குத்தான் குழாயும் சாலையும் முதலில் போகும் என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள்.

வர்ணம் அடிப்பவர் எங்கள் பெரிய சார். சிதம்பரத்தில் ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தார். ஏசி இல்லாவிட்டால் சாருக்கு வறுமையைப் பற்றிச் சிந்தனை ஓடாது. அதனால் வெயிலில் போய்க் கேட்டு வருவதற்கு என்னைக் கடலூருக்கு அனுப்பிவைத்தார். நானும் சிதம்பரத்துக்காரிதான். புள்ளியியலில் எம்.எஸ்.ஸி. படித்துவிட்டு, உலகத்தில் எதையும் அளந்துவிடலாம் என்ற திமிரோடு ஒரு பெட்டியும் தலையணையுமாக மஞ்சக்குப்பத்தில் ஒரு பெண்கள் விடுதிக்கு வந்து சேர்ந்தேன்.

அந்த விடுதியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். என் அறைத்தோழி ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்தாள். நான் போகும்போது அவள் வந்திருக்க மாட்டாள், நான் வரும்போது போயிருப்பாள். அவளுடைய ஈரத் துண்டோடுதான் எனக்குப் பழக்கம் அதிகம். மெஸ்ஸில் என் பெயர் 'ஏழாம் ரூம்'. "ஏழாம் ரூம் வந்துடிச்சா? சரி, ரசத்த மூடு." அவ்வளவுதான் உபசாரம். அங்கே வந்த கொஞ்ச நாளிலேயே ஒரு விஷயத்தைக் கவனித்தேன். ஒரு நாள் முழுக்க நான் பேசும் வாக்கியங்கள் எல்லாமே கேள்விக்குறியில் முடிந்தன. வீட்டில் எத்தனை பேர்? குடிதண்ணீர் எங்கிருந்து? கடைசியாக டாக்டரிடம் எப்போது போனீர்கள்? ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் பீச்சில் சுண்டல் விற்றவரிடம் பழக்கதோஷத்தில், "உங்க வீட்டுச் சுவர் செங்கல்லா, மண்ணா?" என்று கேட்டேன். மனுஷன் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

அம்மா இருந்தவரை தினமும் போன் வரும். எடுத்ததும் முதல் வார்த்தை "சாப்ட்டியா?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "வேற எதுவுமே கேக்கத் தெரியாதா உனக்கு?" என்று எரிந்து விழுவேன். அம்மா போன பிறகு அண்ணனுக்கு நானே போன் செய்வேன். அண்ணன் சிதம்பரம் கீழவீதியில் செல்போன் கடை வைத்திருக்கிறார். "சொல்லு. கடைல ஆள் இருக்கு" என்பார். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் கடையில் ஆள் இருந்தது. (அவ்வளவு வியாபாரம் நடந்திருந்தால் அண்ணன் இந்நேரம் சிங்கப்பூரில் கிளை திறந்திருக்க வேண்டும்.) வீட்டில் என் அறையிலும் செல்போன் கவர் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். போன பொங்கலுக்குப் போனபோது பெட்டிகளைத் தள்ளிவிட்டு இடுக்கில் படுத்தேன். இந்த வேலை போனால் நிரந்தரமாகத் திரும்பிப் போக வேண்டிய இடம் அந்த இடுக்குதான். வேலையோ ஒப்பந்த வேலை. சோதனைக்கு ஒரு பகுதியை எடுத்து வெற்றிகரமாக அளந்து காட்டினால்தான் நீட்டிப்பு என்று சார் சொல்லியிருந்தார். அதனால் எப்படியாவது அவரை அசத்திவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஊர் ஒத்துழைக்க வேண்டுமே! ஒரு தெருவில் நான் உதவித்தொகை கொடுக்கும் ஆபீஸிலிருந்து வந்திருப்பதாகச் செய்தி பரவிவிட்டது. "ஃப்ரிட்ஜ் இருக்குங்களா?" என்று கேட்டால், "அதுக்கெல்லாம் நாங்க எங்கம்மா போறது?" என்று ஒரு பெண்மணி கண்ணைக் கசக்கினார். அவருக்குப் பின்னால் பழைய புடவை போர்த்தி, உச்சியில் முருகன் படம் வைத்து ஆளுயரத்துக்கு ஏதோ நின்றது. பேசிக்கொண்டிருக்கும்போதே அது உறுமத் தொடங்கியது. நான் எட்டிப் பார்த்தேன். "அது சாமிங்க" என்றார். அடுத்த பகுதியில் என்னை வீட்டுவரி ஆபீஸ் என்று நினைத்துவிட்டார்கள். மூன்று மாடி வீட்டின் மேல் இரண்டு மாடியையும் "அது எங்களது இல்ல, மச்சானது" என்றார் ஒருவர். மச்சான் எங்கே என்றால் துபாயிலாம். இன்னொரு வீட்டில் என்னை மாப்பிள்ளை பார்க்க வந்த தரகரின் ஆள் என்று எண்ணி, காபி கொடுத்து, மகனின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைக் காட்டினார்கள். (காபி நன்றாக இருந்தது. அந்த வீட்டுக்குக் கொஞ்சம் தாராளமாகவே மதிப்பெண் போட்டேன்.)

இந்த லட்சணத்தில்தான் எனக்கு அந்த யோசனை உதித்தது. உதித்தபோது மெஸ் ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன், புரையேறியது. மனிதர்கள் பொய் சொல்லலாம், குடம் பொய் சொல்லாது! தண்ணீர் தினமும் வரும் வீட்டில் ஒன்றிரண்டு குடம்தான் இருக்கும். எப்போதாவது வரும் தெருவில் ஒரு வீட்டுக்கே வரிசையாகக் குடம் வாங்கி வைத்திருப்பார்கள். ஆகவே குடத்தை எண்ணினால் கஷ்டத்தை எண்ணியதாகும். கேள்வியே தேவையில்லை. சாருக்கு அன்றைக்கே எழுதிப் போட்டேன். "சுவாரஸ்யமாக இருக்கிறது. சனிக்கிழமை காலை நானே நேரில் வந்து பார்க்கிறேன்" என்று பதில் வந்தது. சார் களத்துக்கு வருகிறார்! விடுதி மொட்டைமாடியில் தன்னந்தனியாகக் குதித்தேன். அந்தச் சந்தோஷத்தைச் சொல்லிக்கொள்ள அங்கே ஒரு ஆள் கிடையாது. ஈரத் துண்டிடம்தான் சொன்னேன்.

சோதனைக்கு நான் எடுத்துக்கொண்டது ஓ.டி. என்று எல்லோரும் சொல்லும் முதுநகரைத் தாண்டி, சிதம்பரம் சாலையை ஒட்டிய ஒரு தெரு. போர் போட்டால் உப்புத்தண்ணீர். நல்ல தண்ணீருக்கு லாரிதான். லாரி வருவது டிரைவரின் மனநிலையைப் பொறுத்தது. அங்கே எனக்குத் தெரிந்த ஒரே ஆள் கஸ்தூரி அக்கா. வீட்டில் தையல் மிஷின் வைத்து ஜாக்கெட் தைப்பவர். தெருவில் எல்லாப் பெண்களின் அளவு ஜாக்கெட்டும் அவரிடம் இருந்தது. அவர்களை எல்லாம் சேர்த்து ஒரு வாட்ஸப் குழுவும் வைத்திருந்தார். அக்காவிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் தெருவுக்கே மைக் வைத்துச் சொன்ன மாதிரி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ச் சொன்னேன். அந்த உரையாடலை இப்போதும் வரி பிசகாமல் ஒப்பிப்பேன். ஒவ்வொரு வரிக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்.

"அக்கா, நாளைக்குக் காலைல எல்லாரும் அவுங்கவுங்க வீட்டுக் காலிக் குடத்தை எல்லாம் வெளிய எடுத்து வைக்கணும்."

அக்கா மிஷினை நிறுத்தினார். "காலிக் குடத்தையா?"

"ஆமாக்கா. காலியாத்தான் இருக்கணும்."

"வாசல்லயா, ரோட்லயா?"

"எங்க வசதியோ அங்க. வரிசையா, நல்லா கண்ணுக்குத் தெரியற மாதிரி இருந்தா போதும்."

"எத்தன மணிக்கு?"

"ஏழு மணிக்குள்ள. எங்க பெரிய சார் வர்றாரு."

"பெரிய ஆளா?"

"ரொம்பப் பெரியவரு. சிதம்பரத்துலேர்ந்து கார்ல வர்றாரு."

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. "நானும் எத்தினி நாளா இவளுங்கள்ட்ட சொல்லிகினு இருக்கேன் தெரியுமா. முன்ன நின்னு சொல்ல ஒரு ஆளு இல்லாமத்தான் கெடந்தோம். நீ போ கண்ணு, நாங்க பாத்துக்கறோம்" என்று என் கையைப் பிடித்து அழுத்தினார். புள்ளியியலுக்கு மக்களிடம் இவ்வளவு வரவேற்பா என்று எனக்கு நெஞ்சு விம்மியது.

தமிழ்நாட்டில் பிறந்து, தமிழ்நாட்டில் வளர்ந்து, தினமும் பேப்பர் படிக்கும் ஒருத்திக்கு, காலிக் குடங்களைச் சாலையோரம் வரிசையாக எடுத்து வைத்தால் அதற்கு என்ன பெயர் என்று தெரிய வேண்டாமா? மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. எம்.எஸ்.ஸி. படித்திருந்தேன்.

சனிக்கிழமை காலை இருப்பதிலேயே நல்ல சுடிதாரைப் போட்டுக்கொண்டு திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் பண்ருட்டிக்காரர் ஒருவர் மடியில் பலாப்பழத்தை வைத்துக்கொண்டு பிள்ளைத்தாய்ச்சி போல உட்கார்ந்திருந்தார். ஓ.டி. தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரு கிலோமீட்டருக்கு லாரியும் வேனும் பஸ்ஸுமாக அடைத்துக்கொண்டு நின்றன. "ரோடு மறியலாம்" என்றார் கண்டக்டர்.

சார் வருகிற அன்றைக்கா! பஸ் முழுக்கத் திட்ட ஆரம்பித்தது. அதில் என் குரல்தான் ஓங்கி ஒலித்தது. "இவுங்களுக்கு வேற வேலையே இல்லையா? அவனவன் பொழப்பக் கெடுக்கறதுக்குன்னே கெளம்பி வந்துடறாங்க. இதுக்குத் தலைமை தாங்குறதுன்னு ஒண்ணு இருக்கும் பாருங்க, அதப் புடிச்சி முதல்ல உள்ள போடணும்!" பலாப்பழக்காரர் பழத்தைத் தட்டி ஆமோதித்தார். "நல்லா சொன்னம்மா. நாலு சாத்து சாத்தணும்."

உட்கார்ந்திருந்தால் வேலைக்காகாது என்று இறங்கி நடந்தேன். பலாப்பழக்காரரும் பழத்தைத் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். வண்டிகளை எல்லாம் தாண்டியதும் கண்ணில் பட்டது ஒரு வர்ணஜாலம். சாலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சிவப்பு, நீலம், மஞ்சள், ஊதா என்று பிளாஸ்டிக் குடங்கள். வரிசையாக, நன்றாகக் கண்ணுக்குத் தெரியும்படி. அவற்றுக்குப் பின்னால் தெருவே திரண்டு உட்கார்ந்திருந்தது. திரும்பி ஓடிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் கஸ்தூரி அக்கா எழுந்து நின்று கையை ஆட்டினார்.

"இதோ வந்துட்டாங்க மேடம்!"

கூட்டம் கை தட்டியது. பலாப்பழக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இந்த ஜென்மத்தில் மறக்க முடியாது. பழத்தை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்கே திரும்பிப் போனார்.

என்னை நடுவில் இழுத்து நிறுத்தினார்கள். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "குடம் எங்க? வெறுங்கையோடவா வருவாங்க?" என்று ஒரு பச்சைக் குடத்தை என் இடுப்பில் ஏற்றினார்.

"அக்கா, நான் எண்ணிப் பாக்கத்தான் எடுத்து வெக்கச் சொன்னேன்."

"எண்ணிக்கயேன். யாரு வேணான்னது?"

அதற்குள் போலீஸ் ஜீப் வந்து சேர்ந்தது. எஸ்.ஐ. இறங்கி, "இதுக்கு யாரு தலைமை?" என்றார். பெண்கள் எல்லோரும் ஒரே குரலில், பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு சொல்வது போல, "மேடம்!" என்றார்கள்.

"எந்த அமைப்பும்மா நீ?"

"புள்ளியியல் சார்" என்றேன். பயத்தில் வேறு எதுவும் வாயில் வரவில்லை.

எஸ்.ஐ. பக்கத்திலிருந்த ஏட்டிடம் திரும்பி, "அது எந்தக் கூட்டணில இருக்குய்யா?" என்று கேட்டார். ஏட்டு ரொம்ப நேரம் யோசித்தார்.

கலைந்து போகச் சொன்னார்கள். "மேடம் சொன்னாத்தான் எந்திரிப்போம்" என்றார்கள் பெண்கள். நான் வாயைத் திறந்தேன். 'போயிடுங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வேலை தப்பிக்கும். சார் கார் எதிர்ப்பக்கம் எங்கோ மாட்டிக்கொண்டு நிற்கிறது, அவர் வருவதற்குள் சாலை காலியாகிவிடும். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். ஒருத்தி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். ஒரு வயதான அம்மா கடைசி வரிசையிலிருந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்குச் சொல்ல வரவில்லை. "இன்ஜினியர் வரட்டும்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சொன்னது நான்தான். எஸ்.ஐ. எரிச்சலோடு போனை எடுத்துக்கொண்டு ஜீப் பக்கம் போனார்.

அந்தக் குடிநீர் இன்ஜினியருக்காகக் காத்திருந்த நேரத்தில்தான் அது நடந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். தார் ரோடு சுட்டது. குடத்தை மடியில் வைத்துக்கொண்டேன்.

"எந்த ஊரு கண்ணு நீ?"

"சிதம்பரம்."

"இங்க யாரு கூட இருக்க?"

"மஞ்சக்குப்பத்துல. ஹாஸ்டல்ல."

"கூட யாரு?"

அந்த ஈரத் துண்டைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. "யாரும் இல்லக்கா" என்றேன்.

"வீட்ல எத்தன பேரு?"

கவனித்தீர்களா, அது என்னுடைய கேள்வி. எத்தனையோ வாசல்களில் நான் கேட்டது. வீட்டில் எத்தனை பேர்? பதிலை எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். இப்போது அது என்னிடமே வந்தபோது எதைச் சொல்வது என்று தெரியவில்லை. அண்ணன் வீட்டைச் சொல்வதா? அங்கே என் இடத்தில் செல்போன் கவர்கள் இருந்தன. "ஒருத்தர்" என்றேன்.

அக்கா தன் முந்தானையால் என் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்.

"காலைல சாப்ட்டியா?"

அவ்வளவுதான். எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. ஓவென்று அழுதேன். மூக்கைச் சிந்திக்கொண்டு நாசூக்காக அழும் அழுகை இல்லை. வாயைப் பிளந்துகொண்டு, பச்சைக் குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நடு ரோட்டில், சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் கேட்கிற மாதிரி அழுதேன். குடத்தின் வாய்க்கு நேராக என் வாய் இருந்ததால் அழுகை உள்ளே போய் இன்னும் பெரிதாகி வெளியே வந்தது. அம்மா போனபோது கூட நான் அப்படி அழுததில்லை. அன்றைக்கு அண்ணன் வீட்டில் ஆள் அதிகம், அழ இடமில்லை.

என்னைப் பார்த்துக் கைக்குழந்தைக்காரி அழுதாள். அவளைப் பார்த்து அந்தக் குழந்தை அழுதது. அப்புறம் அந்த வரிசையே அழுதது. எஸ்.ஐ. அரண்டு போய் போனில் கத்தினார்: "சார், நீங்க எப்ப வேணா வாங்க, முதல்ல லாரிய அனுப்புங்க! இங்க ஒரு பொண்ணு தண்ணி தண்ணின்னு கதறுது சார்! ஏதாச்சும் ஆயிடப் போவுது!" (நான் 'தண்ணி' என்று ஒரு தடவை கூடச் சொல்லவில்லை.) அப்போது பார்த்து எங்கிருந்தோ ஒரு நிருபர் முளைத்து என் முகத்துக்கு நேராகக் குனிந்து படம் எடுத்தார்.

டிரைவருக்கு மனசு சரியில்லை, டீசல் இல்லை என்று நாள் கணக்கில் வராத லாரி, சைரன் வைத்த வண்டி மாதிரி வந்து நின்றது. ஒன்றுக்கு இரண்டு லாரி. பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நிரப்பினார்கள், தெருவுக்குள் போனார்கள், வந்தார்கள், மறுபடி நிரப்பினார்கள். அக்கா மட்டும் போகும் வழியில் யாரிடமோ ஒரு டப்பாவை வாங்கி என் கையில் வைத்துவிட்டுப் போனார். இட்லியும் மிளகாய்ப்பொடியும். நடு ரோட்டில் உட்கார்ந்து விக்கிக்கொண்டே சாப்பிட்டேன். வண்டிகள் என்னைச் சுற்றிக்கொண்டு நகர ஆரம்பித்தன. எங்கள் பஸ்ஸும் போனது. ஜன்னலிலிருந்து பலாப்பழக்காரர் என்னைப் பார்த்து, இப்போது தலையை ஆட்டினார். மன்னித்துவிட்டார் போலிருக்கிறது.

அந்தக் கோலத்தில்தான் சார் வந்தார். காரை எங்கோ விட்டுவிட்டு வெயிலில் நடந்தே வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சார் வேர்த்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வாயில் இட்லியோடு எழுந்து நின்றேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். சார் திட்டவில்லை. விஞ்ஞானி அல்லவா?

"எண்ணினியா?" என்றார்.

சாலையைப் பார்த்தேன். ஒரு குடம் இல்லை. எல்லாம் நிரம்பி வீட்டுக்குள் போய்விட்டன. ஒரு தெருவின் மொத்தக் குடமும் ஒரே இடத்தில், வரிசையாக, என் கண் எதிரே இருந்தது. இனி உலகத்தில் எந்தப் புள்ளியியல்காரிக்கும் அப்படி ஒரு வாய்ப்பு கிடைக்கப்போவதில்லை. நான் அழுதுகொண்டிருந்துவிட்டேன். என் இடுப்பில் மட்டும் அந்தப் பச்சைக் குடம் இருந்தது.

"ஒண்ணு சார்" என்றேன்.

நீட்டிப்பு கிடைக்கவில்லை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. களப்பணியாளரே களத்தைக் கலைத்துவிட்டார் என்று ஒரு வரி எழுதி அனுப்பினார்கள். அதில் பொய் இல்லை. குறியீடு பிறகு வெளிவந்தது. வரைபடம் அழகாக, பச்சையும் சிவப்புமாக இருந்தது. அந்தத் தெரு இருக்கும் இடம் மட்டும் வெள்ளை. 'தரவு இல்லை' என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டாயம் சிவப்பாக இருந்திருக்க வேண்டிய இடம். போன் செய்து அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "வெள்ளையா இருந்தா இருந்துட்டுப் போவுது போ. லாரி இப்ப சொன்ன நேரத்துக்கு வருது. லேட்டானா 'அழுவுற பொண்ண வரச் சொல்லவா'ன்னு கேக்கறோம், ஓடி வந்துடறான்" என்றார். குழாய் இன்னும் வரவில்லை.

படம் மறுநாள் ஒரு பேப்பரின் மாவட்டப் பக்கத்தில் வந்திருந்தது. அகலத் திறந்த வாய், அணைத்த குடம், கீழே 'குடிநீர் கேட்டுக் கதறி அழும் பெண்'. அண்ணன் தானாகவே எனக்குப் போன் செய்தார். "ஏய், பேப்பர்ல இருக்கறது நீயா? ஹாஸ்டல்ல தண்ணி வரலைன்னா சொல்லக் கூடாதா?" என்றார். பின்னால் கடையில் ஆள் சத்தமே கேட்கவில்லை. அந்த வாரமே பெட்டியும் தலையணையுமாகச் சிதம்பரம் திரும்பி, செல்போன் கவர்களுக்கு நடுவே இடம் பிடித்தேன். அப்புறம் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது, பெட்டிகளும் ஒவ்வொன்றாக வெளியேறின. ஆனால் அந்தப் படத்தை அண்ணன் லேமினேட் செய்து கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டார். இன்றைக்கும் இருக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்குப் பெயர் 'தண்ணிக்கு அழுதவ'. சாப்பிட உட்கார்ந்தால் இலை போடுவதற்கு முன்பே அண்ணி, "அவளுக்கு மொதல்ல தண்ணி வைங்க, அழுதுடப் போறா" என்பார். அண்ணன் மகள் பாட்டிலோடு ஓடி வருவாள். கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் யாராவது ஒரு மாமா சொம்பை நீட்டுவார். நானும் சிரித்துக்கொண்டே வாங்கிக் குடிப்பேன். ஏன் அழுதேன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. பேப்பரிலேயே போட்டிருந்ததே, அப்புறம் என்ன கேள்வி?

போன மாதம் அண்ணன் மகளுக்குச் சிதம்பரத்தில் காதுகுத்து வைத்தோம். கஸ்தூரி அக்காவை அழைத்திருந்தேன். குழந்தைக்குப் பாவாடை சட்டை தைத்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பந்தியில் அண்ணன் அவரிடம் அந்தக் கதையை ஆரம்பித்துவிட்டார். நேரில் பார்த்தவரிடமே, கை கால் எல்லாம் ஆட்டி, நான் அழுத மாதிரி நடித்தும் காட்டினார். பந்தியே உருண்டு புரண்டு சிரித்தது. "நீங்களே சொல்லுங்கக்கா, தண்ணிக்குப் போயி யாராச்சும் இப்படி அழுவாங்களா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் சாம்பார் வாளியோடு நின்றேன்.

"நீங்க வேற தம்பி" என்றார் அக்கா. "அன்னிக்கு இதுக்குத் தாகம் ரொம்ப ஜாஸ்தி."

சொல்லிவிட்டு என் கையிலிருந்த வாளியை வாங்கிக் கீழே வைத்தார். "நீ சாப்ட்டியா?"

"இல்லக்கா. பரிமாறிட்டு..."

"ஒக்காரு."

பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, அவரே ஒரு இலையை விரித்துப் போட்டார். பந்தியின் அந்தக் கோடியிலிருந்து அண்ணன் கத்தினார்: "டேய், அவ ஒக்காந்துட்டா! மொதல்ல தண்ணி வைங்கடா!" எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். இந்தத் தடவை அழவில்லை. (கொஞ்சம்தான்.)